பினாங்கில் கப்பல் நிற்கும் ஒரு பகல்: கரையிறங்கி ஜார்ஜ்டவுனைப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூரில் ஏறி மலாக்கா நீரிணை வழியாக மூன்று நான்கு இரவுகள் சென்று திரும்பும் சொகுசுக் கப்பல்களில் பல, பினாங்குத் தீவில் ஒரு பகல் நிற்கின்றன. இந்தத் தடத்தில் உள்ள மற்ற நிறுத்தங்களோடு ஒப்பிட்டால் பினாங்கு பயணிக்குப் பெரிதும் வசதியானது. போர்ட் கிள்ளானில் இறங்கினால் கோலாலம்பூருக்குச் செல்லவே ஒரு மணி நேரத்துக்கும் மேல் சாலையில் போய்விடும். புக்கெட்டில் பெரிய கப்பல்கள் பலவும் கடலிலேயே நங்கூரமிட, சிறு படகுக்காகக் காத்திருந்துதான் கரை சேர வேண்டும். பினாங்கிலோ கப்பல் ஸ்வெட்டன்ஹாம் துறையில் நேரடியாகக் கட்டப்படுகிறது. அந்தத் துறையின் வாயிலைக் கடந்து சாலையைத் தாண்டினால் 2008ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்ட பழைய ஜார்ஜ்டவுன் தொடங்கிவிடுகிறது.

இந்த வசதியைப் பயன்படுத்திக்கொள்ளாமல், இறங்கியவுடன் ஒரு வேனில் ஏறி, மலை, புத்தர் கோயில், கடற்கரை, கடைத்தெரு என்று எட்டு இடங்களைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறவர்கள் ஏராளம். அவர்கள் பினாங்கில் பார்த்தது பெரும்பாலும் போக்குவரத்து நெரிசலைத்தான். ஒரு பகலில் ஒரு திசையை மட்டும் தேர்ந்துகொண்டு, அதை நிதானமாகப் பார்ப்பதே நல்லது என்பதும், அந்தத் திசை முதல்முறை வருகிறவர்களுக்கு நகரின் பழைய தெருக்களாகவே இருக்க வேண்டும் என்பதும் என் உறுதியான கருத்து. இனி வருவன அந்தக் கருத்தையொட்டிய படிகள்.

முதல் படி: ஆவணங்கள்

இதை வீட்டிலிருந்து கிளம்புவதற்குப் பல வாரங்கள் முன்பே முடித்துவிட வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் சிங்கப்பூரில் கப்பல் ஏறி, மீண்டும் சிங்கப்பூரிலேயே இறங்குவதாக இருந்தால், அது சட்டப்படி சிங்கப்பூருக்குள் இரண்டு முறை நுழைவதாகும். ஆகவே கையிலுள்ள விசா பலமுறை நுழைவுக்கு இடம் தருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒருமுறை நுழைவு விசாவோடு வருகிறவரைக் கப்பலில் ஏற்றாமல் திருப்பி அனுப்பும் வாய்ப்பு உண்டு.

மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியக் குடிமக்களுக்கு முப்பது நாள் வரை விசா இல்லாத நுழைவை அளித்துவருகிறது. இது காலவரையறை உள்ள சலுகை என்பதால் உங்கள் பயணத் தேதிக்கு அது நடைமுறையில் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வேறு நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் தங்களுக்குரிய விதியைத் தனியாகப் பார்க்க வேண்டும். இதைத் தவிர மின்னியல் வருகை அட்டை ஒன்றும் உண்டு. வருகைக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள், மலேசியக் குடிநுழைவுத் துறையின் அதிகாரபூர்வ தளத்தில் கட்டணமின்றி நிரப்ப வேண்டிய படிவம் அது. கட்டணம் கேட்கும் தளங்கள் எவையும் அரசின் தளங்கள் அல்ல. கப்பல் பயணிகளுக்கு இதை எப்படி நடைமுறைப்படுத்துகிறார்கள் என்பதைக் கப்பல் நிறுவனம் முன்கூட்டியே தெரிவிக்கும். அதன் அறிவிப்பையே இறுதியாகக் கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: நேரத்தைப் பின்னிருந்து எண்ணுதல்

கரையிறங்கும் நாளின் திட்டம் முழுவதும் ஒரே ஓர் எண்ணில் தொங்குகிறது: எல்லோரும் கப்பலுக்குத் திரும்பியிருக்க வேண்டிய நேரம். இது கப்பல் புறப்படும் நேரம் ஆகாது. பெரும்பாலும் அதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே வந்துவிடும். முந்தைய இரவு அறைக்கு வரும் தாளிலும், கப்பலின் செயலியிலும், இறங்கும் வாயிலில் வைத்திருக்கும் பலகையிலும் இது எழுதப்பட்டிருக்கும். அந்தப் பலகையை ஒரு படம் எடுத்துவைத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

கப்பல் காலை 8 மணிக்குக் கட்டப்படுகிறது, மாலை 6 மணிக்குப் புறப்படுகிறது, எல்லோரும் 5 மணிக்குள் திரும்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் சொந்தக் கெடுவைத் துறையின் வாயிலில் 4 மணி என்று குறித்துக்கொள்ளுங்கள். மறுமுனையில், கப்பல் கட்டப்பட்டவுடனேயே யாரும் இறங்க முடியாது. துறைமுக அதிகாரிகள் ஏறிச் சோதனை முடித்து அனுமதி தர வேண்டும், பிறகு நிறுவனத்தின் சுற்றுலாவில் பதிந்தவர்கள் முதலில் இறங்குவார்கள், அதன் பின்னரே மற்றவர்களின் வரிசை நகரும். தனியாகச் செல்கிறவர் ஊருக்குள் கால் வைக்க 9 மணி ஆகிவிடும். ஆக, 10 மணி நேர நிறுத்தம் என்று விளம்பரத்தில் படித்தது கையில் 7 மணி நேரமாகச் சுருங்குகிறது. உணவுக்கும் ஓய்வுக்கும் ஒன்றரை மணி நேரத்தை ஒதுக்கினால் எஞ்சுவது ஐந்தரை மணி. இந்த ஐந்தரை மணிக்குத்தான் திட்டமிட வேண்டும்.

கடிகாரத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. சிங்கப்பூரும் மலேசியாவும் ஒரே நேரத்தைப் பின்பற்றுகின்றன. தாய்லாந்து அவற்றைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது. புக்கெட்டிலிருந்து பினாங்குக்கு வரும் கப்பல் தன் கடிகாரத்தை மாற்றியிருக்கலாம், மாற்றாமலும் இருக்கலாம். கைப்பேசியோ கரையின் சமிக்ஞை கிடைத்ததும் தானாகவே மாறிவிடும். அதனால் கப்பலின் நேரத்துக்கு அமைத்த ஒரு கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, நாள் முழுவதும் அதையே நம்புங்கள்.

மூன்றாம் படி: நிறுவனத்தின் சுற்றுலாவா, சொந்தப் பயணமா

கப்பல் நிறுவனம் விற்கும் கரைச் சுற்றுலாவுக்கு ஒரு பெரிய நன்மை உண்டு: அந்தப் பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும். தனியாகச் சென்றவருக்காகக் காத்திருக்காது. தொலைவான இடங்களுக்கு இந்தப் பாதுகாப்பு விலைமதிப்புள்ளது. துறையிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும் பழைய ஜார்ஜ்டவுனுக்கு அந்தப் பணத்தைச் செலவிடத் தேவையில்லை. வாகனமே கிடைக்காவிட்டாலும் நடந்து திரும்பிவிடலாம்.

நான்காம் படி: கையில் எடுத்துச்செல்வன

கப்பல் அட்டையும், புகைப்பட அடையாள அட்டையும், கடவுச்சீட்டின் நகலும் கட்டாயம். அசல் கடவுச்சீட்டு தேவையா என்பது அன்றைய அறிவிப்பில் இருக்கும். அதே தாளில் அச்சிடப்பட்டுள்ள துறைமுக முகவரின் தொலைபேசி எண்ணைத் தனியே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். வாடகைக்கார் அழைக்க உதவும் கிராப் செயலி பினாங்கில் நன்றாகவே இயங்குகிறது. ஆனால் அதைப் பதிவு செய்ய வரும் குறுஞ்செய்தி வெளிநாட்டில் வராமல் போகலாம் என்பதால் ஊரிலேயே நிறுவிப் பதிந்துவிட்டு வாருங்கள். ரிங்கிட் நோட்டுகள் சிறிது தேவை. லிட்டில் இந்தியா பகுதியின் பணமாற்றுக் கடைகளில் மாற்றிக்கொள்ளலாம். குடை அவசியம். ஜனவரி, பிப்ரவரி தவிர மற்ற மாதங்களில் மதியத்துக்குமேல் மழை திடீரென்று இறங்கும். செப்டம்பர், அக்டோபர் மிகவும் ஈரமானவை. தோளையும் முழங்காலையும் மறைக்கும் உடையும், எளிதில் கழற்றக்கூடிய காலணியும் அணியுங்கள். இந்த நடையில் வழிபாட்டிடங்கள் அதிகம்.

ஐந்தாம் படி: நடை

பாதையை வகுக்கும்போது நான் முதலில் பார்ப்பது எது எப்போது மூடும் என்பதைத்தான். மாரியம்மன் கோயில் நம்மூர்க் கோயில்களைப் போலவே நண்பகலில் நடை சாத்தி மாலையில்தான் திறக்கும். பள்ளிவாசலில் தொழுகை நேரத்தில் பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை. குலமனைகளும் (ஒரே குலப்பெயர் கொண்ட சீனர்கள் பொதுவில் கட்டிய மனைகள்) காட்சி மாளிகைகளும் மாலை 5 மணி வரை திறந்திருக்கும். எனவே கோயில் முதலில், பள்ளிவாசல் அதையடுத்து, மாளிகைகள் பிற்பகலில், துறைக்கு மிக அருகிலுள்ள கடலோரம் கடைசியில் என்று ஒரு வட்டமாக நடப்பது பொருந்தும். தெருப்பலகைகளில் லெபோ என்றிருந்தால் தெரு, ஜாலான் என்றிருந்தால் சாலை என்பதைத் தெரிந்துகொண்டால் வரைபடம் எளிதாகிவிடும்.

துறையிலிருந்து வெளிவந்ததும் வாடகைக்கார் ஓட்டுநர்கள் சூழ்ந்துகொள்வார்கள். பணிவாக மறுத்துவிட்டு நடந்தால் எதிரே வெள்ளை நிற மணிக்கூண்டு நிற்கும். விக்டோரியா அரசியின் 1897ஆம் ஆண்டு வைரவிழாவை ஒட்டி, சியா சென் இயோக் என்ற சீனச் செல்வர் தம் செலவில் எழுப்பியது. அரசியின் ஆட்சியில் ஆண்டுக்கு ஓர் அடி என்ற கணக்கில் 60 அடி உயரம். அதன் அருகிலேயே கார்ன்வாலிஸ் கோட்டை. கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பிரான்சிஸ் லைட் 1786 ஆகஸ்டில் வந்திறங்கி முதலில் மரத்தாலான காப்பரணை அமைத்த இடம் இது. இன்றுள்ள சுவர்கள் பின்னர் எழுந்தவை. ஒரு போரைக்கூடக் காணாத கோட்டை. 1603இல் வார்க்கப்பட்ட ஸ்ரீ ரம்பாய் என்னும் டச்சுப் பீரங்கி இங்கு புகழ்பெற்றது. நேரம் குறைவானவர்கள் உள்ளே போகாமல் சுற்றிவந்தாலும் பெரிய இழப்பில்லை.

லைட் தெருவில் மேற்காக நடந்து, திடலையும் அதன் ஓரத்து வெண்ணிற நகரமன்றத்தையும் பார்த்துக்கொண்டே போனால் சில நிமிடங்களில் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் வரும். 1818இல் கட்டிமுடிக்கப்பட்ட இது தென்கிழக்காசியாவின் மிகப் பழைய ஆங்கிலிக்கன் தேவாலயம். இந்தத் தூண்களை எழுப்பியவை கம்பெனி ஆட்சி இங்கு நாடு கடத்திக் கொண்டுவந்த கைதிகளின் கைகள். அதை நினைவில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டிய கட்டடம் இது. இங்கிருந்து தெற்கே இறங்கும் சாலைதான் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் சாலை. தேவாலயம், சீனர்களின் குவான் யின் கோயில், இந்துக் கோயில், பள்ளிவாசல் எனச் சில நூறு மீட்டருக்குள் அடுத்தடுத்து இருப்பதால் இதை நல்லிணக்கத் தெரு என்கிறார்கள். குவான் யின் கோயில் முற்றத்தில் ஊதுபத்திப் புகை அடர்ந்திருக்கும். மூச்சுத்தொல்லை உள்ளவர்கள் வெளியிலிருந்தே பார்த்துவிடலாம்.

அடுத்த தெருவான குயின் தெருவில் ஸ்ரீ மகாமாரியம்மன் கோயிலின் கோபுரம் கடைகளின் நடுவே எழுகிறது. 1833இல் கோயிலாக எழுந்த இது பினாங்கின் மிகப் பழைய இந்துக் கோயில். துறையில் மூட்டை தூக்கியவர்களும், படகு செலுத்தியவர்களும், சிறு வணிகர்களும் வழிபட்ட அம்மன் இவள். 11 மணிக்கு முன் இங்கு வந்துவிட்டால் அமைதியாக உட்கார நேரம் கிடைக்கும். வெளியே மார்க்கெட் தெரு, பினாங்குத் தெரு, கிங் தெரு என விரிவது லிட்டில் இந்தியா. பூக்கட்டுகிறவரிடமும் பலசரக்குக் கடையிலும் தமிழிலேயே பேசலாம். அவர்களும் ஊர் எது என்று விசாரிப்பார்கள். பினாங்குத் தெருவில் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. பர்மா முதல் மலாயா வரை கடன் கொடுத்து வாங்கிய ஒரு பெரும் வணிக வலை இப்படிப்பட்ட கூடங்களில் பாயும் கணக்குப் பெட்டியுமாக நடந்திருக்கிறது.

சூலியா தெருவும் கிங் தெருவும் சந்திக்கும் மூலையில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த நாகூர் தர்கா உண்டு. நாகூரில் அடக்கமாகியிருக்கும் ஷாகுல் ஹமீது ஆண்டவரின் நினைவாக, கடல்கடந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் தங்கள் காவலுக்கென்று கட்டியது. அளவில் மிகச் சிறியது என்பதால் வழிகாட்டிகள் பெரும்பாலும் கடந்துபோய்விடுகிறார்கள். சோழமண்டலக் கரையிலிருந்து வருகிற நாம் கடந்துபோகக் கூடாது. அங்கிருந்து சில நிமிடங்களில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். தென்னிந்திய முஸ்லிம் சமூகத்தின் தலைவராக இருந்த காதர் முகைதீன் 1801இல் நிறுவியது. பார்வையாளர்களுக்கு மேலங்கி தருகிறார்கள். வெள்ளிக்கிழமையாக இருந்தால் நண்பகலுக்கு வெகுமுன்னரே பார்த்துவிடுங்கள்.

உணவுக்கு இதுவே இடமும் நேரமும். பினாங்குக்கு வந்து நாசி கண்டார் சாப்பிடாமல் போவது எனக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை. துறைமுகத் தொழிலாளிகளுக்குத் தமிழ் முஸ்லிம்கள் தோளில் காவடித் தண்டு வைத்துச் சோறும் குழம்பும் சுமந்து விற்றதில் தொடங்கிய உணவு அது. சோற்றின்மேல் கோழி, கணவாய், மீன்தலை, வெண்டைக்காய் எனக் கேட்டதை வைத்து, பல குழம்புகளைக் கலந்து ஊற்றித் தருவார்கள். கேம்பல் தெருவில் 1907 முதல் இயங்கும் ஹமீதியா உணவகம் இதில் பெயர்பெற்றது. விலை எடுத்த பொருளைப் பொறுத்தது. பெரிய இறால், மீன்முட்டை போன்றவற்றுக்கு எடுப்பதற்கு முன்பே விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். மதியம் 12 மணிக்குமேல் வரிசை நீளும், ஆகவே 11:45க்கே உட்கார்ந்துவிடுவது நல்லது. சைவ உணவுக்காரர்களுக்கு லிட்டில் இந்தியாவில் இலைச்சாப்பாடு கிடைக்கும். பினாங்கு அசாம் லக்சா மீன் வேகவைத்த புளிக்குழம்பு என்பதைச் சைவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். வெயில் தணிக்கத் தேங்காய்ப்பாலும் பனைவெல்லப் பாகும் ஊற்றிய செண்டோல் ஒரு கிண்ணம் போதும்.

பிற்பகலில் வெயில் கடுமையாக இருக்கும்போது, கடைகளின் முன்னே கூரையோடு நீளும் அஞ்சடி நடைபாதையின் நிழலிலேயே நடந்து ஆர்மீனியன் தெருவுக்கு வாருங்கள். எர்னஸ்ட் சக்கரவிச் என்னும் லித்துவேனிய ஓவியர் 2012இல் இங்கு வரைந்த, மிதிவண்டியில் செல்லும் இரு குழந்தைகளின் சுவரோவியத்தருகே படமெடுக்க வரிசை நிற்கும். அந்த வரிசையில் அரை மணி நேரத்தைக் கழிப்பதைவிட, அருகிலுள்ள கூ கொங்சி குலமனைக்குள் அந்த அரை மணி நேரத்தைக் கூடுதலாகச் செலவிடுங்கள். சீனாவின் ஃபூஜியன் மாநிலத்திலிருந்து வந்த கூ குலத்தார் கட்டிய முந்தைய மனை 1901இல் எரிந்துபோனது. அரண்மனைக்கு நிகராகக் கட்டியதால் தெய்வங்கள் சினந்தன என்று நம்பி, 1906இல் முடித்த இன்றைய மனையைச் சற்று அடக்கமாகக் கட்டினார்களாம். கூரை முகட்டின் சுதைச் சிற்பங்களையும் தூண்களின் செதுக்கையும் கண்டால், அந்த முந்தைய மனை எப்படி இருந்திருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியாது. அனுமதிக் கட்டணம் உண்டு. இந்த நடையில் ஒரே ஓர் இடத்துக்குத்தான் கட்டணம் செலுத்துவேன் என்பவர் அதை இங்கே செலுத்தலாம்.

ஆர்மீனியன் தெருவின் கீழ்க்கோடியில் கடலோரச் சாலையைக் கடந்தால் குலத்துறைகள். நீருக்குமேல் மரக்கால்களில் நிற்கும் வீடுகள். ஒவ்வொரு துறையும் ஒரு குலப்பெயருக்கு உரியது, அவற்றுள் பெரியது சூ துறை. இவை காட்சிக்காக வைத்த வீடுகளல்ல, குடும்பங்கள் வாழ்பவை. பலகைப் பாதையில் மெல்லப் பேசி நடப்பதும், திறந்த கதவுகளுக்குள் படமெடுக்காமல் இருப்பதும் குறைந்தபட்ச மரியாதை. இங்கிருந்து வடக்கே கடலோரச் சாலையிலேயே இருபது நிமிடம் நடந்தால் உங்கள் கப்பல்.

மலைப்பக்கம் செல்ல விரும்புவோருக்கு

முன்பே ஜார்ஜ்டவுனைப் பார்த்தவர்களும், கடும் வெயிலில் நடக்க முடியாதவர்களும் மலையைத் தேர்ந்துகொள்ளலாம். பினாங்கு மலை 833 மீட்டர் உயரம். ஆயர் ஈத்தாமிலிருந்து கம்பிவண்டி ரயில் மேலே கொண்டுசெல்கிறது. 1923இல் ஓடத் தொடங்கிய தடம் இது. 2011இல் வந்த புதிய வண்டிகளால் நடுவழியில் மாறி ஏறத் தேவையில்லாமல் போயிற்று. ஏறுவதற்குச் சில நிமிடங்களே ஆகும். வரிசைதான் நேரத்தைத் தின்னும், அதிலும் விடுமுறை நாட்களில் இறங்கும் வரிசை. ஆகவே காலையில் முதலில் மலைக்குப் போய், 12 மணிக்குள் இறங்கி, அருகிலுள்ள கெக் லோக் சி புத்தர் கோயிலைப் பார்த்துவிட்டு, 2:30க்குள் நகரை நோக்கிக் கிளம்பிவிடுங்கள். மாலை நெரிசலில் அந்தச் சாலை மிகவும் மெதுவாகும்.

முருக பக்தர்களுக்கு மூன்றாவது வழியும் உண்டு. தைப்பூசத்துக்குப் பெயர்பெற்ற தண்ணீர்மலை அருள்மிகு பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படிகள் ஏற வேண்டும். இறங்கியவுடன் வாடகைக்காரில் நேராக அங்கு சென்று, வெயில் ஏறுமுன் தரிசனம் முடித்துவிட்டால், பிற்பகலை மேலே சொன்ன நடையின் பாதிக்கு ஒதுக்கலாம். தைப்பூச நாளன்றே கப்பல் வருமானால் சாலைகள் மூடப்பட்டிருக்கும் என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள்.

முதியவர்களோடு வருகிறவர்கள்

அஞ்சடி நடைபாதை கடைக்குக் கடை உயரம் மாறும். இடையிடையே படிகளும், நிறுத்திய மோட்டார் சைக்கிள்களும் இருக்கும். சக்கர நாற்காலிக்கு ஏற்றதல்ல. முன்னால் இருவர் அமரும் மூன்று சக்கர ரிக்‌ஷா நல்ல மாற்று. எந்தெந்த இடங்கள், எவ்வளவு நேரம், மொத்தம் எவ்வளவு என்று ஏறுமுன்பே பேசிக்கொள்ளுங்கள். கோயில், பள்ளிவாசல், கூ குலமனை ஆகிய மூன்றும் அவர்களுக்குப் போதும். மதிய உணவுக்குப் பின் கப்பலுக்குத் திரும்பி ஓய்வெடுக்கச் செய்துவிட்டு, மற்றவர்கள் மீண்டும் இறங்கலாம். துறை இவ்வளவு அருகில் இருப்பதன் பெரிய பயன் இதுவே.

கடைசிப் படி: திரும்புதல்

4 மணிக்கு வாயிலில் இருங்கள். முனையத்தில் பைகளைச் சோதிப்பார்கள், கப்பல் வாயிலில் மீண்டும் சோதிப்பார்கள். பெரிய கப்பல் என்றால் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் திரும்புவதால் வரிசை வெயிலில் நீளும். சமைத்த உணவையும் பழங்களையும் பெரும்பாலும் உள்ளே விடுவதில்லை, டுரியானை நிச்சயமாக விடுவதில்லை. அதைக் கரையிலேயே சாப்பிட்டுவிட வேண்டும். அடைத்து முத்திரையிட்ட தாவ் சார் பியா பிஸ்கட்டுகளும் உலர்த்திய சாதிக்காயும் கொண்டுவரத் தடை இருப்பதில்லை.

எப்படியோ தாமதமாகிவிட்டது என்றால், கப்பல் கண்ணில் படும் வரை காத்திருக்காமல் தாமதம் உறுதியானதுமே துறைமுக முகவரை அழையுங்கள். அவர் கப்பலோடு தொடர்பில் இருப்பவர். சில நிமிடத் தாமதம் என்றால் அவரால் உதவ முடியலாம். கப்பல் கிளம்பிவிட்டால், பணியாளர்கள் உங்கள் அறையிலிருந்து கடவுச்சீட்டை எடுத்து அவரிடம் ஒப்படைத்துச் செல்வது வழக்கம் என்பதால், கடவுச்சீட்டைப் பூட்டிய பெட்டியின் அடியில் ஒளித்துவைக்காமல் அறையின் பாதுகாப்புப் பெட்டகத்தில் வையுங்கள். அடுத்த துறைமுகத்துக்கோ சிங்கப்பூருக்கோ விமானத்தில் செல்லும் செலவு உங்களுடையது. பயணக் காப்பீடு எடுக்கும்போதே கப்பலைத் தவறவிடுதல் அதில் அடங்குமா என்று கேட்டு எடுங்கள்.